வராத நானூறு
இரண்டாமாண்டு பி.எஸ்சி. (இயற்பியல்)

"வரும்" என்ற சொல்லுக்கு உள்ள கவர்ச்சி "வந்தது" என்ற சொல்லுக்கு இல்லை. மழை வரும் என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில் ஒரு சுவை இருக்கிறது. வந்துவிட்டால் குடையைத் தேடத்தான் நேரம் சரியாக இருக்கும். தேர்வு தள்ளிப்போகும் என்று எவனோ ஒருவன் சொன்ன சொல், ஒரே இரவில் விடுதியின் எல்லா அறைகளையும் சுற்றி வந்துவிடுகிறது. சொன்னவன் யார், எங்கே கேட்டான் என்று எவரும் கேட்பதில்லை. நாளைய தினத்தைப் பற்றிய பேச்சுக்குச் சான்று தேவையில்லை. ஆசை ஒன்றே போதும்.

அப்படி ஆசையால் பிறந்து, ஆசையால் வளர்ந்து, பல ஆண்டுகள் உலகெங்கும் பேசப்பட்டு, கடைசிவரை பிறக்காமலே போன ஒரு பொருளைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அது ஒரு காமிரா. அதன் பெயர் நிக்கான் டி400.

முதலில் எனக்கும் காமிராவுக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு சிறிய ஸ்டூடியோ இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும்போது முகூர்த்த நாட்களில் லைட் பிடிக்கும் பையனாக அங்கே சேர்ந்தேன். இன்றும் விடுமுறை நாட்களில் போகிறேன். என் புத்தகச் செலவும் பஸ் செலவும் அந்த லைட் வெளிச்சத்தில்தான் நடக்கின்றன. ஸ்டூடியோ அண்ணன் 2010-ஆம் ஆண்டில் வாங்கிய நிக்கான் டி300எஸ் என்ற காமிரா இன்னும் அங்கே உழைத்துக்கொண்டிருக்கிறது. அதன் வாரிசுக்காக அவர் காத்திருந்த கதையை, மண்டபத்துப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிடும் நேரங்களில் அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். கேட்டதை என் பாடப்புத்தக அறிவோடு ஒட்டிப் பார்த்ததே இக்கட்டுரை.

டி300எஸ்-க்கு முன்னால் மூன்று பேர் அந்த வம்சத்தில் இருந்தார்கள். டி100 என்ற காமிராவை நிக்கான் நிறுவனம் 2002 பிப்ரவரியில் அறிவித்தது. டி200 2005 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. டி300 2007 ஆகஸ்டில் வந்தது. அதைச் சற்றே திருத்திய டி300எஸ் 2009 ஜூலையில் வந்தது. 12.3 மெகாபிக்சல் சென்சார், குவியம் கண்டுபிடிக்க 51 புள்ளிகள், நொடிக்கு 7 படம், மழைத் தூறலுக்கு அஞ்சாத மெக்னீசியக் கலவை உடம்பு. அந்தக் காலத்தில் அது ஒரு பட்டத்து யானை.

நூறு, இருநூறு, முந்நூறு என்று வந்த பிறகு அடுத்தது என்ன? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் நானூறு என்று சொல்லிவிடும். அப்படித்தான் டி400 பிறந்தது. தொழிற்சாலையில் அல்ல, மனிதர்களின் வாயில்! பெயரைக் கணக்குப் போட்டவர்கள் காலத்தையும் கணக்குப் போட்டார்கள். டி100-க்கும் டி200-க்கும் இடைவெளி 45 மாதங்கள். அடுத்த இடைவெளி 21 மாதங்கள். அதற்கடுத்தது 23 மாதங்கள். ஆகவே 2011-இல் புதியது வந்தே தீரும் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

நம் ஆய்வுக்கூடத்தில் சுருள்வில்லில் எடைகளைத் தொங்கவிட்டு வரைபடம் வரைகிறோம். நான்கைந்து புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. அந்தக் கோட்டைத் தாளின் விளிம்புவரை நீட்டிவிட்டு, "இவ்வளவு எடை தொங்கினால் வில் இவ்வளவு நீளும்" என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். ஏனெனில் மீட்சி எல்லை என்று ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால் வில் நம் கோட்டுக்குக் கட்டுப்படாது. மூன்று இடைவெளிகளைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் மனத்தை அளந்தவர்களுக்கு இந்த எல்லை நினைவுக்கு வரவில்லை.

அந்த 2011-ஆம் ஆண்டு நடந்ததோ வேறு. மார்ச் 11-இல் ஜப்பானின் கிழக்குக் கரையை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. சென்டாய்ப் பகுதியில் இருந்த நிக்கான் தொழிற்சாலை நின்றது. அது மீண்டும் இயங்கத் தொடங்கிய அதே ஆண்டின் அக்டோபரில், தாய்லாந்தின் அயுத்தயாவில் இருந்த நிக்கான் தொழிற்சாலைக்குள் வெள்ளம் புகுந்தது. டி300எஸ் வகைக் காமிராக்கள் உருவானது அங்கேதான். நம் ஊர்க் கடைத்தெருவில் ஒருவர் எந்தக் காமிரா வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்க, அவருடைய விடை எங்கோ ஓர் ஆற்றின் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. பொருளாதாரப் பாடத்தில் உலகச் சந்தை என்று படிப்பதன் பொருள் இதுதான் போலும்.

2012 ஜனவரியில் டி4 என்ற பெரிய காமிரா வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2007-இல் டி3-உம் டி300-உம் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டவை. ஆகையால் டி4 வரும்போது டி400 கைபிடித்து உடன் வரும் என்று எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். டி4 தனியாகத்தான் வந்தது. பிறகு டி800 வந்தது, டி600 வந்தது. அவை பெரிய சென்சார் கொண்ட வேறு குடும்பம். 2013-இல் டி7100 வந்தபோது, "இதுதான் அந்த வாரிசு" என்றனர் சிலர். "இல்லை, இதன் உடம்பு வேறு, தொடர்ந்து சுட்டால் விரைவில் மூச்சு வாங்குகிறது" என்றனர் மற்றவர்கள். 2014-இல் போட்டி நிறுவனமான கேனான் தன்னுடைய 7டி காமிராவுக்கு இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்ததும், காத்திருந்தவர்களில் சிலர் பொறுமை இழந்து கட்சி மாறினார்கள்.

பேச்சு மட்டும் ஓயவில்லை. கடையில் சரக்குக் குறைந்தால் "பழையதை நிறுத்துகிறார்கள், புதியது வருகிறது" என்பார்கள். சரக்கு நிறைந்திருந்தால் "பழையதைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள், புதியது வருகிறது" என்பார்கள். விலை இறங்கினாலும் அதே பொருள். இறங்காவிட்டாலும் அதே பொருள். எந்தச் சான்று வந்தாலும் ஒரே முடிவைத் தரும் கோட்பாட்டை அறிவியல் ஏற்காது. ஆசை ஏற்கும்.

இலவு காத்த கிளியின் கதை நமக்குத் தெரியும். அந்தக் கிளிக்காவது மரத்தில் ஒரு காய் கண்ணுக்குத் தெரிந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. டி400 என்ற காமிராவை நிக்கான் ஒருநாளும் அறிவித்ததில்லை, வாக்குறுதி கொடுத்ததில்லை. கொடுக்காத வாக்கை மீறிவிட்டதாக அதன்மேல் கோபித்துக்கொண்டவர்கள்தாம் ஏராளம்.

கடைசியில் 2016 ஜனவரியில், ஏறக்குறைய ஆறரை ஆண்டுகளுக்குப் பிறகு, வாரிசு வந்தது. ஆனால் அதன் பெயர் டி500! டி5-உடன் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டதால் அந்தப் பெயர். 20.9 மெகாபிக்சல், 153 குவியப் புள்ளிகள், நொடிக்கு 10 படம். அமெரிக்காவில் விலை ஏறத்தாழ 2,000 டாலர். காத்திருந்தவர்கள் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குள் காற்று வேறு பக்கம் திரும்பியிருந்தது. 2018-இல் நிக்கானே உள்ளே கண்ணாடி இல்லாத இசட் வகைக் காமிராக்களைக் கொண்டுவந்தது. 2022-இல் டி500-இன் உற்பத்தியும் நின்றது. அது நின்றவுடன் என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு வாரிசு எப்போது என்ற பேச்சு தொடங்கிவிட்டது.

இந்த அவசரம் என்றும் இருந்ததா? இல்லை. அதே நிறுவனத்தின் பிலிம் காமிராக்களைப் பாருங்கள். நிக்கான் எஃப் 1959-இல் வந்தது. எஃப்2 வந்தது 1971-இல், எஃப்3 1980-இல், எஃப்4 1988-இல். பன்னிரண்டு ஆண்டு, ஒன்பது ஆண்டு, எட்டு ஆண்டு! அந்தக் காலத்தவர் ஆசையற்ற முனிவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அன்று படம் விழுந்த இடம் பிலிம். அது காமிராவின் உறுப்பு அல்ல. நல்ல பிலிம் புதிதாக வந்தால் பழைய காமிராவில் போட்டுக்கொள்ளலாம். முப்பத்தாறு படத்துக்கு ஒருமுறை காமிராவுக்குப் புதுக்கண் கிடைத்தது. டிஜிட்டல் காமிராவிலோ சென்சார் உடம்போடு பிறந்த கண். கண் புதிதாக வேண்டுமென்றால் ஆளையே மாற்ற வேண்டும். வாரிசைப் பற்றிய பேச்சு இவ்வளவு சூடாக இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இந்த அமைப்பு மாற்றமே எனலாம்.

சரி, அந்தப் பழைய கண் உண்மையிலேயே மங்கிவிட்டதா? ஊகத்தை விட்டுக் கணக்குக்கு வருவோம். டி300எஸ் எடுக்கும் படத்தின் அளவு 4,288 × 2,848 புள்ளிகள். எங்கள் ஸ்டூடியோவில் திருமண ஆல்பத்தின் ஒரு பக்கம் 18 × 12 அங்குலம். 4,288-ஐ 18-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 238 புள்ளி கிடைக்கிறது. அச்சகத்தார் 300 கேட்பது வழக்கம். ஆனால் மடியில் வைத்துப் புரட்டும் ஆல்பத்தில் 238-க்கும் 300-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடித்த மாமியார் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

அடுத்தது ஆயுள். இந்த வகைக் காமிராவின் ஷட்டர் 1,50,000 முறை திறந்து மூடிச் சோதிக்கப்பட்டது. ஆண்டுக்கு 25 திருமணம், ஒன்றுக்கு 600 படம் என்று வைத்தால் பத்து ஆண்டு. எங்கள் காமிரா அந்த எல்லையைத் தாண்டியது. ஒருமுறை ஷட்டர் மாற்றப்பட்டது. மீண்டும் வேலைக்கு வந்துவிட்டது.

குறைகள் இல்லையா? இருக்கின்றன, மறைப்பது நேர்மையாகாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் அதன் உணர்வு எண்ணை 1,600-க்கு மேல் ஏற்றினால் கறுப்புப் பகுதிகளில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரிகின்றன. வீடியோவும் இன்றைய அளவுக்கு மிகச் சிறியது. விடியற்கால முகூர்த்தம், புகை சூழ்ந்த மணவறை, ஃப்ளாஷ் போட வேண்டாம் என்று சொல்லும் பெரியவர் என்று எல்லாம் ஒன்று கூடினால் அண்ணனின் நெற்றி வியர்க்கும். அவர் வாரிசை விரும்பியது வீண் ஆசையால் அல்ல, அந்த இருட்டுக்காகத்தான்.

ஆனால் அந்த இருட்டுக்கு வேறொரு மருந்தும் இருந்தது. அவர் வைத்திருந்த ஜூம் லென்சை நீள முனைக்கு இழுத்தால் துளை எண் 5.6. அதற்குப் பதில் 85 மில்லிமீட்டர், 1.8 துளை எண் கொண்ட லென்சைப் போட்டால் என்ன ஆகும்? ஒளியின் அளவு துளை எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். ஒன்பதரை மடங்குக்கும் மேல் ஒளி வரும்! புதிய காமிரா தரக்கூடிய பெரும்பகுதி நன்மையைப் பழைய காமிராவுக்கே அந்த லென்ஸ் தந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்த லென்சின் புதிய பதிப்பு 2012 ஜனவரியில் டி4-உடன்தான் அறிவிக்கப்பட்டது. எல்லோரும் வாசலில் டி400-ஐத் தேடிக்கொண்டிருந்தபோது, தேடாத ஒன்று பக்கத்திலேயே வந்து நின்றது.

"ஏன் அண்ணே அப்பவே வாங்கல?" என்று கேட்டேன்.

"புது பாடி வரட்டும் தம்பி, ரெண்டையும் சேர்த்து வாங்கிக்கலாம்னு இருந்தேன். வருது வருதுன்னே அஞ்சு வருஷம் ஓடிப் போச்சு" என்றார்.

2017-இல்தான் அவர் அந்த லென்சை வாங்கினார். புதிய காமிரா வாங்கவில்லை. தாரை வார்த்துக் கொடுக்கும்போது பெண்ணின் தகப்பனார் முகம், ஃப்ளாஷ் இல்லாமல், மணவறை விளக்கின் ஒளியிலேயே எடுத்த படம் ஒன்று ஸ்டூடியோ முகப்பில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்து உள்ளே வருகிறவர்கள், "இது எந்தப் புது காமிரா?" என்று கேட்கிறார்கள். அண்ணன் சிரித்துக்கொள்வார். காத்திருந்த ஐந்து ஆண்டுகளில் எடுத்த ஆல்பங்களை அவர் அதிகம் எடுத்துக் காட்டுவதில்லை. அந்த வீடுகளின் தகப்பன்மார் முகங்கள் இனி திரும்பி வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இதை நான் ஒரு காமிராவின் கதையாக மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் அது என் வீட்டுக் கதையாகவும் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா விசைத்தறியில் வேலை பார்க்கிறார். அம்மா பூக்கட்டி விற்கிறார். எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "நீ வேலைக்குப் போனதும் பாத்துக்கலாம்." ஓடு உடைந்து ஒழுகினால், நான் வேலைக்குப் போனதும். அப்பாவின் இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னால், நான் வேலைக்குப் போனதும். அம்மாவுக்கு வெள்ளெழுத்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. நாரில் முடிச்சு எங்கே விழுகிறது என்று தெரியாமல் கையால் தடவித் தடவிக் கட்டுவார். முன்பு ஒரு மணி நேரத்தில் முடிந்த பூ இப்போது இரண்டு மணி நேரம் எடுக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால் அதற்கும் அதே பதில்தான். எங்கள் வீட்டில் அந்த டி400 நான்தான்!

அவர்கள் அன்பில் எனக்கு ஐயம் கிடையாது. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளையின்மேல் ஒரு குடும்பம் வைக்கும் நம்பிக்கை பெரிது. அதைச் சுமப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இன்றைய ஒழுகலை நாளைய சம்பளத்தால் அடைக்க முடியாது. அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். கூட்டல் இரண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதாவது 50 சென்டிமீட்டர் குவியத் தொலைவு உள்ள குவிலென்ஸ். இரண்டு முகூர்த்தங்களில் லைட் பிடித்த கூலியில் அடங்கிவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்ட அம்மா, முதலில் நாரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "இவ்ளோ மெலிஞ்சு போயிருக்கியேடா" என்றார். அன்று மாலைப் பூ பழையபடி ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

நண்பர்களே, புதியது வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. டி500 சிறந்த காமிரா. வாங்க முடிந்தவர் வாங்கியதில் தவறில்லை. எனக்கும் ஒருநாள் புதிய காமிராவைக் கையில் பிடிக்க ஆசை உண்டு. புதியது வேண்டும் என்று மனிதன் நினைத்திராவிட்டால் நாம் படிக்கும் இயற்பியலே இல்லை. ஆனால் எதிர்பார்ப்பது வேறு. எதிர்பார்ப்பைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பது வேறு. வரப்போவதன் பெயரைக்கூட நம்மால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நானூறு என்றோம், ஐந்நூறு வந்தது. 2011 என்றோம், 2016-இல் வந்தது. இவ்வளவு பிழைபடும் ஊகத்தின் பேரில் ஐந்து ஆண்டுப் படங்களை அடகு வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

ஆகவே நான் ஒரு சிறு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். புதியது வரட்டும் என்று மனம் சொல்லும்போதெல்லாம் அதனிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: இருப்பதை வைத்துக்கொண்டு இன்றைக்கு மாற்றக்கூடிய லென்ஸ் எது? பெரும்பாலும் ஒன்று இருக்கிறது. பல நேரங்களில் அது நம் கைச்செலவுக்குள்ளேயே இருக்கிறது. நம் பாடத்திட்டம் மாறும் என்கிறார்கள். நூலகத்துக்குப் புதிய நூல்கள் வரும் என்கிறார்கள். ஆய்வுக்கூடத்துக்குப் புதிய கருவிகள் வரும் என்கிறார்கள். வரட்டும், வரவேற்போம். அதுவரை, நம் ஆய்வுக்கூடத்துப் பழைய நிறமாலைமானியின் லென்சைத் துடைத்து வைத்தால் சோடியத்தின் இரண்டு மஞ்சள் கோடுகளும் இன்றைக்கும் தனித்தனியாகத் தெரிகின்றன.